குண்டிலிருந்து எத்தனை மீட்டர்? நியூட்ரானைத் தூரத்தோடு கணக்குப் பார்ப்பது எப்படி

கலஹாரிப் பாலைவனத்தில், அப்பிங்டனுக்கு வடக்கே, வாஸ்ட்ராப் என்று ஓர் இடம் இருக்கிறது. 1970களில் எங்கள் தென்னாப்பிரிக்க அரசு அணுகுண்டு சோதனைக்கென்று அங்கே இரண்டு ஆழ்குழிகள் தோண்டியது. 1977 ஆகஸ்டில் சோவியத் செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்து உலகம் பூரா தெரிந்துவிட்டதால் எதுவும் வெடிக்கவில்லை. பாடத்துக்கு நடுவே இந்தக் கதையைச் சொன்னபோது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கி, "சார், அங்க வெடிச்சிருந்தா எங்க ஆயா வீட்டுக்கு நியூட்ரான் வந்திருக்குமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராது என்பது தெரியும், ஆனால் எத்தனை மீட்டரில் நின்றுபோகும், அதை யார் எப்படி அளந்தார்கள் என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் முழித்திருப்பேன். பூமிக்கடியில் வெடிப்பதாகத்தான் திட்டம், மண்ணைத் தாண்டி நியூட்ரான் வெளியே வராது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் அவன் கேட்டதற்குப் பதில் இல்லை.

அதற்கப்புறம் சில வாரம் உட்கார்ந்து பழைய சோதனை அறிக்கைகளைப் படித்தேன். அமெரிக்கர்கள் நெவாடாவில் 1950களில் காற்றில் வெடித்த குண்டுகளின் நியூட்ரான் அளவுகள் பலவும் இப்போது ரகசியம் நீக்கப்பட்டு இணையத்தில் கிடக்கின்றன. அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கால்குலேட்டரும் ஒரு செமிலாக் தாளும் (ஒரு பக்கத்து அளவு கட்டத்துக்குக் கட்டம் பத்து மடங்காக ஏறும் வரைபடத் தாள்) இருந்தால், எந்தத் தூரத்தில் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அதைத்தான் சொல்லப்போகிறேன். யாரும் நியூட்ரான் மூலம் தேடிப் போக வேண்டாம். சாலை போடும் இடத்தில் மண்ணின் ஈரம் பார்க்க மஞ்சள் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் அமெரிசியம்-பெரிலியம் இருக்கும், அது நிஜமாகவே நியூட்ரான் விடும். தொடாதீர்கள். இந்த வேலைக்குத் தாள் போதும்.

முதலில் எதைக் கொண்டு அளந்தார்கள் என்பது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கையில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது என்றே புரியாது. கெய்கர் கருவி இதற்கு ஆகாது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, வாயுவுக்குள் சும்மா நடந்து போய்விடும், கருவி கிளிக் என்று ஒரு சத்தம்கூடப் போடாது. போதாக்குறைக்குக் குண்டு வெடிக்கும் இடத்தில் காமா கதிர் கொட்டோ கொட்டென்று கொட்டும், அந்தக் கூச்சலில் எந்த மின்னணுக் கருவியும் திக்குமுக்காடிவிடும். அதனால் அவர்கள் செய்த வேலை ரொம்ப எளிமையானது: பேசாமல் ஒரு பொருளை அங்கே போட்டு வைப்பது. நியூட்ரான் பட்டு அந்தப் பொருள் கதிரியக்கமாக மாறும், அப்புறம் ஆய்வகத்துக்குக் கொண்டு போய் நிதானமாக எண்ணலாம்.

தங்கம் அதில் முக்கியமானது. சாதாரணத் தங்கம்-197 மெதுவான நியூட்ரானை விழுங்கித் தங்கம்-198 ஆகும், அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகத் தேயும் காலம், 2.7 நாள். ஒரே இடத்தில் இரண்டு தங்கத் தகடு வைப்பார்கள், ஒன்று வெறுமனே, இன்னொன்று காட்மியம் மூடிக்குள். காட்மியம் மிக மெதுவான நியூட்ரான்களை, அதாவது ஆற்றலில் ஏறக்குறைய அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இருப்பவற்றை, உள்ளே விடாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இந்த மிக மெதுவானவை, அதாவது வெப்ப நியூட்ரான், எவ்வளவு என்று வந்துவிடும். வேகமான நியூட்ரானுக்குக் கந்தகம். கந்தகம்-32 ஒரு வேக நியூட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு புரோட்டானை உமிழ்ந்து பாஸ்பரஸ்-32 ஆகும், அரை ஆயுள் 14.3 நாள். சுமார் 3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே இருப்பவைதான் இதைச் செய்யும். கந்தகத்தில் ஒரு வசதி உண்டு, எண்ணுவதற்கு முன்னால் அதைக் கொளுத்திவிடலாம். கந்தகம் எரிந்து புகையாகப் போய்விடும், பாஸ்பரஸ் தட்டின் அடியில் தங்கிவிடும், ஒரு கைப்பிடி வில்லையில் பரவிக் கிடந்தது ஒரு கறையளவுக்குச் சுருங்கிவிடும். கருவிக்கு அது எவ்வளவு லேசு பாருங்கள்.

இடைப்பட்ட வேகங்களுக்கு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹர்ஸ்ட் என்பவர் ஒரு ஏற்பாடு செய்தார். போரான் கூட்டுக்குள் புளூட்டோனியம், அப்புறம் 0.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கும் நெப்டூனியம், 1.5 மில்லியனில் தொடங்கும் யுரேனியம்-238, கடைசியில் கந்தகம். ஒவ்வொன்றும் ஒரு வாசல்படி மாதிரி. அந்த உயரத்துக்கு மேலே இருப்பவரை மட்டும் எண்ணும். அடுத்தடுத்த படிகளைக் கழித்துக்கொண்டே போனால் எந்த ஆற்றலில் எத்தனை என்று கிடைக்கும். நியூட்ரான் பட்டு அணு பிளக்கும் இந்தப் புளூட்டோனியம், நெப்டூனியம், யுரேனியத் தகடுகளின் கதிரியக்கம் வேகமாகத் தேய்ந்துவிடும் என்பதால் வெடித்த சில மணி நேரத்துக்குள் எடுத்து வந்தாக வேண்டும். புழுதியும் கதிரியக்கமுமாகக் கிடக்கும் இடத்துக்குள் யார் நடந்து போவது? அதற்காக நீளமான இரும்புக் கயிற்றில் கருவிகளைக் கோத்து வைத்துவிட்டு, வெடித்ததும் தூரத்திலிருந்து வண்டியால் இழுத்தார்கள். மீனவர் கரைவலை இழுப்பது மாதிரி.

சரி, எண்கள் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை நாள் திருத்தம். தங்கத்தை 5.4 நாள் கழித்து எண்ணியிருந்தால் இரண்டு அரை ஆயுள் போயிருக்கிறது, எண்ணியதை நாலால் பெருக்க வேண்டும். பல அறிக்கைகளில் இது ஏற்கெனவே செய்திருக்கும், சிலவற்றில் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் "வெடித்த நேரத்துக்குத் திருத்தியது" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் இன்னொரு தரம் திருத்தி, விடை ஏன் தாறுமாறாக இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை பூரா நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அடுத்தது தூரம். பழைய அறிக்கைகள் எல்லாம் கெஜத்தில் இருக்கும், ஒரு கெஜம் 0.9144 மீட்டர். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் எது என்றால், எந்தத் தூரம் என்பது. குண்டு கோபுரத்திலோ பலூனிலோ இருக்கும், கருவி தரையில் இருக்கும். குண்டுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து கருவிவரை தரையில் அளந்தால் அது தரைத்தூரம். குண்டிலிருந்து கருவிவரை நேர்க்கோட்டில் அளந்தால் சாய்தூரம். நியூட்ரான் தரையில் நடந்து வருவதில்லை, அதனால் நமக்கு வேண்டியது சாய்தூரம். பிதாகரஸ்தான்: தரைத்தூர வர்க்கத்தோடு உயர வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஹிரோஷிமாவில் குண்டு 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. நேர் கீழே நின்றவருக்குத் தரைத்தூரம் பூஜ்யம், சாய்தூரம் 600. இதைக் குழப்பிக்கொண்டால் கிட்டத்துப் புள்ளிகள் அத்தனையும் இடம் மாறிவிடும், தூரத்துப் புள்ளிகள் மட்டும் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நியூட்ரான் தூரத்தோடு குறைவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள். ஒன்று விரிவது. பலூன் ஊதும்போது ரப்பர் மெலிகிற மாதிரி, அதே எண்ணிக்கை இன்னும் பெரிய கோளத்தில் பரவுகிறது, அதனால் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். இரண்டாவது, காற்று தின்பது. ஒவ்வொரு குறிப்பிட்ட நீளத்துக்கும் இருந்ததில் இத்தனை பங்கு என்று போய்க்கொண்டே இருக்கும். இந்த நீளத்தை ரிலாக்சேஷன் லெங்த் என்பார்கள், நான் தேய்நீளம் என்று எழுதுகிறேன். ஒரு தேய்நீளம் தாண்டினால் மிச்சம் ஏறக்குறைய 37 சதவீதம். அணுவைப் பிளந்து வெடிக்கும் பிளவுக் குண்டுக்கு, கடல்மட்டத்துக் காற்றில், இது 200 மீட்டரைச் சுற்றி வரும். அணுக்கருக்களைச் சேர்த்து வெடிக்கும் இணைவுக் குண்டிலிருந்து வரும் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் இன்னும் கொஞ்சம் தூரம் தாக்குப்பிடிக்கும்.

இரண்டு காரணமும் கலந்து கிடக்கும்போது கோடு வளைந்து வளைந்து வரும், ஒன்றும் புரியாது. அதனால் வாசிப்பை எடுத்துச் சாய்தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். விரிவதால் வந்த குறைவு அத்தோடு கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது காற்றின் வேலை மட்டும், அதைச் செமிலாக் தாளில் போட்டால் நேர்க்கோடு. முதன்முதலாக நெவாடாப் புள்ளிகளை இப்படிப் போட்டு அவை ஸ்கேல் வைத்த மாதிரி வரிசையாக வந்து நின்றதைப் பார்த்தபோது, பொய் சொல்லக்கூடாது, எழுந்து போய் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பழகிக்கொள்வதற்காக நானே செய்த எண்கள் இவை, எந்தச் சோதனையிலும் எடுத்ததல்ல. குண்டு 150 மீட்டர் உயரத்தில். கருவிகள் ஐந்து இடத்தில், வாசிப்பு ஏதோ ஒரு அலகில்:

500 மீட்டர்: 1000
800 மீட்டர்: 95.4
1100 மீட்டர்: 12.4
1400 மீட்டர்: 2.0
2000 மீட்டர்: 0.44

சாய்தூரம் போட்டால் 522, 814, 1110, 1408, 2006 என்று வரும். முதல் வாசிப்பை 522-இன் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 27 கோடியே 25 லட்சம். மற்றதையும் அப்படியே பெருக்கித் தாளில் வையுங்கள். முதல் மூன்று புள்ளி அழகாக ஒரு கோட்டில் இருக்கும். நாலாவது கொஞ்சம் மேலே. ஐந்தாவது எங்கோ ஆகாயத்தில் நிற்கும், கோடு சொல்வதைவிடப் பத்து மடங்குக்கு மேல். தூரம் போகப் போக நியூட்ரான் கூடுதலாக வருகிறது, ஏதோ நமக்குத் தெரியாத இயற்பியல் இருக்கிறது என்று தோன்றும்.

ஒன்றும் இல்லை. அந்த 0.44-இல் 0.4 குண்டுடையதே அல்ல, அது பின்னணி. குண்டே இல்லாத இடத்தில் அதே தகட்டை வைத்தாலும் 0.4 காட்டும். எல்லா வாசிப்பிலிருந்தும் 0.4 கழியுங்கள். முதல் வாசிப்பில் அது தூசு, 999.6 என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். நாலாவது 1.6 ஆகும். ஐந்தாவது 0.04 ஆகிக் கோட்டில் சரியாக வந்து உட்காரும். இப்போது கோட்டின் சரிவைப் பாருங்கள்: பெருக்கிய எண் 27 கோடியே 25 லட்சத்திலிருந்து 31.7 லட்சத்துக்கு வந்திருக்கிறது, இடைத்தூரம் 886 மீட்டர். அதாவது பத்தில் ஒன்றாகக் குறைய ஏறக்குறைய 460 மீட்டர். அதை 2.3-ஆல் வகுத்தால் 200. தேய்நீளம் ஏறக்குறைய 200 மீட்டர், கணக்கு முடிந்தது.

நான் வேண்டுமென்றே வைத்த பொறி இது என்று நினைக்க வேண்டாம், பெரிய பெரிய ஆட்களே இதில் பல வருடம் தடுமாறியிருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் நியூட்ரான் எவ்வளவு பட்டது என்று பிற்காலத்தில் பழைய கட்டடங்களில் தேடினார்கள். இரும்பில் கோபால்ட்-60, கூரை ஓட்டிலும் கல்லிலும் யூரோப்பியம்-152, கருங்கல்லில் குளோரின்-36. 1986-இல் வந்த கணக்குமுறையோடு ஒப்பிட்டபோது கிட்டத்தில் ஒத்துப்போனது, ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் அளந்தது கணக்கைவிடக் கூடுதலாக இருந்தது. கணக்குத் தப்பா, குண்டைப் பற்றி நமக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று வருடக்கணக்கில் விவாதம். கடைசியில் 2002-இல் கணக்கைத் திருத்தி எழுதியபோது தெரிந்தது, தூரத்து மாதிரிகளில் பெரும் பங்கு பின்னணி. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி நியூட்ரான் உண்டாக்குகின்றன, அவையும் அதே கல்லில் அதே குளோரினை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அப்புறம் வேக நியூட்ரானுக்குத் தாமிரத்தைப் பிடித்தார்கள்: மழைநீர்க் குழாய், இடிதாங்கி. தாமிரம்-63 வேக நியூட்ரானால் நிக்கல்-63 ஆகும், அரை ஆயுள் சுமார் 100 வருடம், அதனால் அரை நூற்றாண்டு கழித்தும் இருந்தது. 2003-இல் அந்த முடிவு வெளியானது, கணக்கோடு நன்றாகப் பொருந்தியது.

ஹிரோஷிமாவில் முதலில் அளந்த ஜப்பானியர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 1945 ஆகஸ்டிலேயே, குண்டு விழுந்த சில நாட்களில், மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களைப் பொறுக்கினார்கள். அவற்றைக் கம்பியோடு ஒட்டக் கந்தகம் ஊற்றியிருப்பார்கள். எந்தக் கம்பம் எங்கே நின்றது என்று ஊருக்கே தெரியும், ஆக ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு கந்தக வில்லை யாரோ முன்கூட்டியே வைத்துவிட்டுப் போன மாதிரி. அரை ஆயுள் 14 நாள்தான், இரண்டு மாதம் தாமதித்திருந்தால் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும்.

பின்னணியைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. ஹெர்மானஸில் 1957-இலிருந்து ஒரு நியூட்ரான் மானிட்டர் ஓடுகிறது, போட்செஃப்ஸ்ட்ரூமிலும் ஒன்று உண்டு. ஈயம், பாலிதீன், உள்ளே வாயுக் குழாய். விண்கதிர் நியூட்ரானை நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கும், எண்கள் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. காற்றழுத்தம் இறங்கினால் எண்ணிக்கை ஏறும். கடலோரத்து டர்பனில் இருப்பதைவிட உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தப் பின்னணி சில மடங்கு அதிகம், தலைக்கு மேல் காற்று குறைவு என்பதால்.

அந்தக் காற்று விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு ஊரில் எடுத்த கோட்டை இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது எல்லாரும் விழுவது இங்கேதான். தேய்நீளம் காற்றின் அடர்த்திக்கு எதிர் விகிதம். டர்பனில் 200 மீட்டர் என்று வைத்தால், ஜோஹன்னஸ்பர்க்கில் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு லேசு, அங்கே 240 வரும். 40 மீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். 1000 மீட்டர் தள்ளி நின்றால், டர்பனில் காற்றைத் தாண்டி வருவது ஆயிரத்துக்கு 6.7, ஜோஹன்னஸ்பர்க்கில் ஆயிரத்துக்கு 15.5. இரண்டு மடங்குக்கு மேல். நெவாடாவில் குண்டுகள் வெடித்த யக்கா ஃப்ளாட்டும் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலேதான். அதனால் அறிக்கையில் அன்றைய காற்று அடர்த்தி கொடுத்திருந்தால், தாளில் கீழே வெறும் மீட்டர் போடாமல் மீட்டரை அடர்த்தியால் பெருக்கிப் போடுங்கள். அப்போது இரண்டு ஊர்க் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும்.

அதோடு தீராது, ஈரம் இருக்கிறது. ஜனவரியில் டர்பனில் துணி காயப் போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றில் அவ்வளவு தண்ணீர் என்றால் அவ்வளவு ஹைட்ரஜன். கோலிக்குண்டை அதே அளவு இன்னொரு கோலியில் மோதவிட்டால் சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடும், நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவும் அப்படித்தான், ஏறக்குறைய ஒரே எடை. நைட்ரஜன் பதினாலு மடங்கு கனம், அதில் மோதினால் சராசரியாக எட்டில் ஒரு பங்குதான் போகும். ஒரு பிளவு நியூட்ரானை அறை வெப்பநிலை வேகத்துக்குக் கொண்டுவர ஹைட்ரஜனோடு 18 மோதல் போதும், நைட்ரஜனோடு 130-க்கும் மேல் வேண்டும். ஹிரோஷிமாவுக்கு 1965-இல் போட்ட கணக்கு பெரும்பாலும் நெவாடா வறண்ட காற்றை வைத்துப் போட்டது. ஆகஸ்ட் மாதத்து ஹிரோஷிமாக் காற்று ஈரமானது, போதாததற்கு அந்தக் குண்டின் தடித்த இரும்பு உறை வேக நியூட்ரானைக் கொஞ்சம் அடக்கியிருந்தது. இதெல்லாம் சேர்த்து 1986-இல் மறுபடி போட்டபோது ஹிரோஷிமாவின் நியூட்ரான் அளவு வெகுவாக இறங்கியது. உயிர்தப்பியவர்களின் உடல்நலத்தைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வுகள் எல்லாம் இந்த எண்ணின் மேல் நிற்கின்றன, ஆக இது வெறும் தாள் வேலை இல்லை. அப்பிங்டன் காற்றில் எடுத்த கோட்டை டர்பனுக்குப் பொருத்தினால் அதே தப்பு.

நெவாடாவில் குண்டே இல்லாமல் இதைச் சோதித்தும் பார்த்தார்கள், 1962-இல். 465 மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்புக் கோபுரம், அதில் ஒரு சின்ன அணு உலையை எந்தக் கவசமும் இல்லாமல் லிஃப்ட் மாதிரி ஏற்றி இறக்கி, கீழே ஜப்பானிய பாணி வீடுகள் கட்டி, ஓட்டுக்கும் மரச்சுவருக்கும் உள்ளே எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிட உயரம். 2012-இல்தான் அந்தக் கோபுரத்தைத் தகர்த்தார்கள். அளந்து முடித்த அடுத்த வருடமே, 1963-இல், காற்றில் வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்துவிட்டதால், இப்படி ஒரு முறை அளந்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. கருவி மண்மேல் இருந்தால் நேராக வருவதோடு மண்ணில் பட்டுத் திரும்பி வருவதும் சேரும். தங்கம் இதற்கு ரொம்ப மசியும், ஈர மண் என்றால் ஒரு எண், காய்ந்த மண் என்றால் இன்னொரு எண். கந்தகம் அவ்வளவு மாறாது. இரண்டும் இருந்தால் முதலில் கந்தகக் கோட்டைப் போடுங்கள், அதை நம்புங்கள், தங்கத்தை அப்புறம் பாருங்கள். சில நூறு மீட்டர் தாண்டியபின் எல்லா வாசல்படிகளின் கோடுகளும் இணையாக ஓட வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் எந்த ஆற்றலில் எத்தனை பங்கு என்ற விகிதம் தூரத்தோடு பெரிதாக மாறுவதில்லை. இணையாக இல்லாவிட்டால் எங்கோ தப்பு, பெரும்பாலும் பின்னணி.

இதெல்லாம் தாளில் சரி, கையால் ஒன்றாவது அளக்க வேண்டும் என்பவர்களுக்கு: மின்சாரம் போகிற லோட்ஷெட்டிங் ராத்திரி கிடைத்தால் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் ஒரு போனின் டார்ச்சை வைத்தேன், இன்னொரு போனில் வெளிச்சம் அளக்கும் செயலி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு மீட்டருக்கும் கோடு. ஒரு மீட்டரில் இருந்தது இரண்டில் ஏறக்குறைய கால் பங்காக வந்தது, சந்தோஷம். நாலு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வர வேண்டும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் நின்றது. வெள்ளைச் சுவர்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன, மண் நியூட்ரானைத் திருப்புகிற மாதிரி. இரண்டு பக்கமும் கறுப்புப் போர்வை தொங்கவிட்டதும் கீழே இறங்கியது, ஆனாலும் கொஞ்சம் கூடுதல். டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தால் செயலி பூஜ்யம் காட்டவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் இன்வர்ட்டரில் ஒரு பல்பு போட்டிருந்தார், அது ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கழித்தேன், சரியாக வந்தது. டார்ச் முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு சொட்டாகப் பால் விட்டுப் பார்த்தால் காற்று தின்பதையும் பார்க்கலாம்.

வெற்றிடத்தில் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். காற்று இல்லை என்றால் விரிவது மட்டும்தான், நியூட்ரான் வெகுதூரம் போகும். அமெரிக்கர்களின் வேலா செயற்கைக்கோள்களில் நியூட்ரான் கருவியும் வைத்தார்கள், விண்வெளியில் யாராவது வெடித்தால் பிடிப்பதற்கு. 1979 செப்டம்பர் 22-ஆம் தேதி நம் பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் பக்கம் ஒரு வேலா செயற்கைக்கோள் கண்டது வேறு, இரட்டை ஒளி மின்னல். அது குண்டா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை. கடல்மட்டத்தில் வெடித்திருந்தால் அதன் நியூட்ரான் மேலே வந்திருக்காது, நடுவில் இருக்கும் காற்று அத்தனையும் தின்றிருக்கும், அதனால் அந்தக் கருவியால் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அறிக்கை எண்ணை உடம்புக்கு எவ்வளவு என்று மாற்றுவது கடைசி வேலை. பழையவை ராட் அல்லது ரெப் அலகில் இருக்கும், 100 ராட் என்றால் இன்றைய கதிர் அலகில் ஒரு கிரே. அதே கிரே அளவுக்குக் காமாவைவிட நியூட்ரான் உடம்பை அதிகம் கெடுக்கும், ஹிரோஷிமா ஆய்வுகளில் வழக்கமாக நியூட்ரானைப் பத்தால் பெருக்கிக் காமாவோடு கூட்டுவார்கள். பெருக்குவதற்கு முன்னால் பின்னணியைக் கழித்துவிட்டீர்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்குப் பதிலை நான் சொல்லவில்லை, அவனையே கோட்டை நீட்டச் சொன்னேன். பத்தில் ஒன்றாகக் குறைய 460 மீட்டர் என்றால் 10 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு கட்டம் இறங்க வேண்டும், வர்க்கத்தால் வரும் குறைவைச் சேர்க்காமலே. எங்களிடம் இருந்தது ஐந்து கட்டத் தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக செலோடேப் போட்டு ஒட்டிக் கரும்பலகையில் தொங்கவிட்டான். ஐந்தாவது தாள் தரையைத் தொட்டது. வாஸ்ட்ராப்பிலிருந்து ஆயா வீட்டுக்கு இன்னும் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது, செலோடேப் தீர்ந்துவிட்டது.